தங்கைக்குச் செய்த விளையாட்டு மேசை

என் தங்கை போடிமெட்டுச் சாலையில் வண்டியோடு விழுந்து முதுகெலும்பு உடைந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு உத்தமபாளையத்தில் அம்மாவோடும் என்னோடும் வந்து தங்கினாள். கொண்டுவந்த பெட்டிகளில் துணிமணியைவிடப் பலகை விளையாட்டுகள்தான் அதிகம். மடித்த வரைபடங்கள், சீட்டுக்கட்டுகள், பகடைகள், மரத்தில் செய்த குட்டிக் குட்டி வீடுகள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியிலிருந்து அவளுடைய கல்லூரித் தோழிகள் இரண்டு பேர் வருவார்கள். நாலாவது ஆளாக என்னை இழுத்து உட்காரவைப்பார்கள். கட்டிலின் மேல் அட்டையை விரித்து ஆடுவோம். யாராவது அசைந்தால் வீடுகள் சரியும். பகடை தரையில் உருண்டு ஓடும். குனிய முடியாமல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணே, ஒவ்வொரு தடவையும் எடுத்துக் குடுங்கன்னு கேக்கக் கூச்சமா இருக்கு. சுத்தி விளிம்பு வச்ச மேசை ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன், மரவேலை தெரியாது. கம்பத்து மரக்கடையில் சில்வர் ஓக் பலகை வாங்கிவந்து மூன்று வாரம் மொட்டைமாடியில் அறுத்தேன். சக்கர நாற்காலி நுழைய ஒரு பக்கத்தை வளைவாக வெட்டினேன். சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்துப் பச்சைத் துணி ஒட்டினேன். மேசை ஆடக் கூடாதென்று அடியில் ஒரு குறுக்குக் கட்டையும் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு நாலு மணி நேரம் ஆடினோம். ஒரு பகடைகூடக் கீழே விழவில்லை. அவள்தான் ஜெயித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

சாயங்காலம் உடை மாற்றிவிடும்போது அம்மா போட்ட சத்தத்தில் ஓடினேன். தங்கையின் இடது முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. குறுக்குக் கட்டையின் கூரான விளிம்பு அத்தனை நேரமும் அங்கே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. வலி தெரியாத கால் என்பது மரத்தை அளக்கும்போது என் புத்தியில் வரவேயில்லை.

"விடுண்ணே. எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

புண் ஆற இரண்டு மாதமானது. கட்டையை அறுத்து எடுத்துவிட்டேன். மேசை லேசாக ஆட்டம் கொடுத்தது, பரவாயில்லை என்றாள். அதன்பிறகு ஐந்து ஞாயிறு ஆடியிருப்போம். மழைக்காலத்தில் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, காய்ச்சல் இறங்காமல், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து இறந்துபோனாள்.

டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அந்தப் புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இரண்டாவது முறையும் கேட்டேன். அதையேதான் சொன்னார். அம்மாவிடமும் வந்து சொன்னேன்.

காரியம் முடிந்து அடுத்த ஞாயிறு தோழிகள் வந்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டைப் பிரித்துப் போட்டோம். பழக்கத்தில் ஒருத்தி நாலு பேருக்குப் போட்டுவிட்டாள். அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் அழுதுகொண்டே கிளம்பினார்கள். பிறகு வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

போன வாரம் தங்கையின் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, மேசையோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அந்தப் புண்ணால இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாக. நீ ஏம்ப்பா இன்னும் அங்கனயே நிக்கிற?"

"தெரியலம்மா" என்றேன்.