நீலக் கதவில் நாலெழுத்து

பாடப்புத்தகத்துக்கு வெளியே, யாரும் சொல்லித்தராமல், நானாகப் படித்த முதல் சொல் ஒரு வசைச்சொல். அத்தையின் காரில் அது எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்றால் பேனாவால் அல்ல. ஆணியாலோ சாவியாலோ, பின்கதவின் நீலப் பெயிண்டைத் தகரம் தெரியுமளவுக்குக் கீறியிருந்தார்கள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில், ஒரு சனிக்கிழமை காலையில், ஒவ்வோர் எழுத்தின் மீதும் விரல் வைத்து "ஓ... டு... கா... லி" என்று கூட்டினேன். பிறகு மொத்தமாகச் சேர்த்து உரக்கச் சொல்லிவிட்டு, குழாயடியில் நின்ற பெண்கள் பாராட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்கள் குடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"அப்டின்னா இன்னாம்மா?"

"வாய மூடிகினு வூட்டுக்கு நட."

அத்தை அப்பாவின் தங்கை. மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் ஒற்றைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அவளுடைய இடது கை முழுதாக நீளாது என்பதை மட்டும் நான் கவனித்திருந்தேன், அது பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். வந்தவள் வண்டி ஓட்டப் பழகினாள், கையில் இருந்த நகையை விற்று ஒரு பழைய கார் வாங்கினாள், தெருப் பிள்ளைகளை அதில் அடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தாள். அந்தப் பிள்ளைகளில் நான் இல்லை. அம்மா என்னைக் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போவாள். அத்தைக்கு இன்னும் கை பழகவில்லை என்பது அம்மா சொன்ன காரணம். அதை அத்தையின் காதுபடவே சொல்வாள்.

கீறியது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் ஓர் ஊகம் இருந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு வம்பே ஆகாது. இருட்டியதும் வண்டியைத் திருவொற்றியூரில் தெரிந்த ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், நான்கைந்து நாளில் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்றார்.

"கீறுனவன் இருட்டுல ஒளிஞ்சிகினு வந்தான். நானும் இருட்டுல ஒளிஞ்சிகினு போவணுமா?" என்றாள் அத்தை. "திங்கக்கெயம ஸ்கூலு கீதுண்ணே. நாளிக்குக் காலைல, இதே எடத்துல, நானே அடிக்கிறேன். பாக்கறவங்க நல்லா பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சுற்றுவட்டாரமே எங்கள் சந்தைக் கடந்துதான் மாதா கோயிலுக்குப் போகும். அது தெரிந்துதான் அவள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. ஷெட்டிலிருந்து ஸ்ப்ரே கன்னையும் சின்ன கம்ப்ரெஸரையும் இரவல் வாங்கி வந்திருந்தாள். வேலை தெரியுமா என்றால் பாதி தெரியும், வண்டியை ஷெட்டில் விட்ட நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் அந்த எழுத்துகளைத் தேய்த்தாள். நீலத் தண்ணீர் சந்தில் ஓடியது. பள்ளங்களை நிரப்பப் பட்டிப் பசையை வைத்து இழுத்தாள், அது காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே மறுபடி தேய்த்தாள். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். நான் வாசலில் நின்றேன்.

பூசை முடிந்து திரும்பிய ஓர் அம்மாள் குடையோடு நின்று கேட்டாள்.

"இன்னாம்மா, பூசைக்கு வராம வண்டிகிட்ட இன்னா பண்ணிகினு கீற?"

"ஞானஸ்நானம் குடுக்கறேன்க்கா. ஊருல பேரு வெச்சிட்டாங்கோ இல்ல, தண்ணி ஊத்த வேணாமா?"

அந்த அம்மாள் குடையை மடக்காமலே வேகமாக நடந்துவிட்டாள். அதுவரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சிரிப்பை அடக்கமுடியாமல் வந்து, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி படாமல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துப் பிடித்தார். அத்தை கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் நீலம் அடித்தாள். காய்ந்த நீலத்தில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. சொல் இருந்த இடமே இல்லை.

கடைசியாகப் பளபளப்புக்காக அடிப்பதைக் கிளியர் என்பார்கள். அதற்கு நிறமே கிடையாது. அத்தை அதை மேலிருந்து கீழாகச் சீராக அடித்துக்கொண்டே வந்தாள். மங்கலாக இருந்த கதவு கண்ணாடி போலானது. எதிர்வீட்டு மாடி, கரண்டுக் கம்பி, ஷீட்டைப் பிடித்திருந்த அப்பா எல்லாம் அதில் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, சாய்ந்து பார்த்தால், அந்த நான்கு எழுத்துகளும் தெரிந்தன. மங்கல் நீலம் மறைத்துவைத்திருந்த பள்ளங்களையெல்லாம் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

"பட்டி காயறதுக்குள்ள தேச்சிட்டேன்," என்றாள் அத்தை. நன்றாகக் காய்வதற்குமுன் இனி அதைத் தொடவும் முடியாது.

"நாளிக்கு லீவு சொல்லிடும்மா," என்றார் அப்பா. "எவன் புள்ளைய அனுப்புவான்? இப்பவே ரெண்டு வூட்ல ஜுரம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு ஒருத்தன் நிறுத்துனா அப்புறம் எல்லாரும் நிறுத்துவான்."

"வூட்ல குந்திக்கினா அவன் எழுதுனது ஜெயிச்சிடும்ணே. யாரும் வரலன்னா காலி வண்டிய ஓட்டிகினு போறேன். ஸ்கூல் கேட்டு வரிக்கும் போயிட்டு வரேன்."

அம்மா எப்போது வெளியே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, அந்தக் கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கார் சந்து முனையில் கிளம்பத் தயாராக நின்றது. ஹாரன் அடித்தது. பிள்ளைகள் பையோடு அவரவர் வாசலில் நின்றார்கள், அவர்களுடைய தோளை அம்மாக்கள் பிடித்திருந்தார்கள். வெயில் சாய்வாக விழுந்ததில் எழுத்துகள் நேற்றைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

அம்மா எனக்கு ரெட்டைச் சடையை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னியிருந்தாள். என்னை நடத்திக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் திரும்பவில்லை, நேராகக் காருக்குப் போனாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. தெருவே பார்க்க அந்தப் பின்கதவைத் திறந்து என்னை ஏற்றினாள்.

"இன்னாக்கா, நீ கூடவா அனுப்புற?" என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என் நாத்தனார் வண்டி. வேற எவ வண்டில அனுப்புவேன்?" அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. "சாயங்காலமும் நீயே இட்டாந்துடு," என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, கதவை ஓங்கிச் சாத்தினாள். சாத்திவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கார் பக்கத்திலேயே ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்தான். அப்புறம் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர். மற்றவர்கள் வரவில்லை. அத்தை யாருக்காகவும் அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே தெருவைக் கடந்தாள்.

இப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. அவளை ஏற்றும் வேனின் நம்பரைத் தினமும் சரிபார்க்கிறேன், டிரைவருக்கு இரண்டு தடவை போன் செய்கிறேன். பிறகு, அதிகமாகச் செய்கிறோமோ என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கு அன்று அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தைரியமா, பயத்தில்தான் அவ்வளவு கத்தினேன் என்கிறாள்.

எனக்கு அதெல்லாம் அன்று தெரியாது. முன்சீட்டு காலியாகத்தானே இருந்தது, அங்கே உட்காரவைக்காமல் என்னைப் போய் அந்தக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டாளே என்று பள்ளி வரும்வரை அம்மாமேல் கோபத்தோடு அழுதுகொண்டே போனேன்.