அண்ணாமலையார் திதி கொடுக்கும் ஊரில் எங்கள் அப்பா

அப்பா கண்மூடிய அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. நான். என் மனைவி. அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த தாய்மாமா. கொட்டகையில் மாடுகள்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அடி அண்ணாமலையில். மாடு வைத்து, திருவண்ணாமலை டவுனுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தார். அவருக்கும் அம்மாவுக்கும் பிள்ளை இல்லை. என்னைப் பெற்றவர்கள் வீட்டுக்கும் அவர்தான் பால் ஊற்றினார். 1989ல் அவர்கள் இருவரும் ஒரே விபத்தில் போனார்கள். என்னை எடுத்துக்கொள்ள உறவு யாரும் வரவில்லை. அப்பா வந்தார். ஒரு கையில் பால் கேன், ஒரு கையில் நான். அப்படியே வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

டீக்கடையில் ஒருவர் கேட்டார். "இன்னா நைனா, எவனோ பெத்தான், நீ வளக்கறியா?"

"நந்தகோபன் மட்டும் பெத்தாரா? கிருஷ்ணனை வளக்கல? அவரும் மாட்டுக்காரரு, நானும் மாட்டுக்காரன். டீ ஆறுது, குடி."

அதன் பிறகு ஊரே அவரை நந்தகோபன் என்று கேலி பேசியது. அப்பா கோபப்படவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

மழை இல்லாத வருடம் பாதி மாடுகளை விற்றார். என் படிப்பை நிறுத்தவில்லை. எட்டாவதோடு நானாகத்தான் நின்றேன். எனக்குப் பிறகும் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் தங்க இடம் இல்லாதவர்கள், வீடு இல்லாதவர்கள். எங்கள் வீட்டில் தங்கிப் படித்து, வேலைக்குப் போனார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பானையில்தான் வடித்தார்.

அப்பாவுக்கு ஒரே ஆசை, நந்தகோபன் ஊரைப் பார்க்க வேண்டும். யாத்திரை பஸ்ஸில் நானும் போனேன். கோகுலத்தில் நந்தகோபன் வீட்டுத் தொட்டிலை வருகிறவர்கள் ஆட்டலாம். அப்பா கயிற்றை விடவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

அங்கிருந்து நந்த்காவ், அதாவது நந்தகோபன் ஊர். நந்தகோபன் குடியிருந்த குன்று. சிவனே அந்தக் குன்றாக நிற்கிறார் என்று வழிகாட்டி சொன்னார். எல்லோரும் மேலே கோயிலுக்குப் போனோம். இறங்கி வந்தால் அப்பாவைக் காணோம். பஸ்ஸில் அவர் செருப்பு மட்டும் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் குன்றின் மறுபக்கத்திலிருந்து வேர்த்துக்கொண்டு வந்தார். வழிகாட்டி கேட்டார்.

"எங்க போயிட்டீங்க பெரியவரே?"

"சாமி மலையா நிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. திருவண்ணாமலைக்காரன் சுத்தாம எப்படி வருவேன்?"

பஸ்ஸே சிரித்தது. அப்பா என் காதில் சொன்னார். "பாத்தியா, பெத்தவர் பேர்ல ஊர் இல்ல. வளத்தவர் பேர்ல இருக்குது."

கடைசியில் மூச்சு இரைப்பு வந்தது. கொஞ்ச நாள் படுத்தார். ஒரு நாள் காலையில் நான் பால் கறந்து முடிக்கும்போது போய்விட்டார்.

சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் தீச்சட்டியை எடுத்தார். "தப்பா நெனச்சிக்காதப்பா. கொள்ளி வெக்கிறது பங்காளி. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல." சித்தப்பாவும் தலையாட்டினார்.

அவருக்குக் கொள்ளி வைக்கக்கூடாது என்றால் நான் யார்?

அம்மா எழுந்து அண்ணனிடம் வந்தார். "மாசி மகத்துக்கு வருஷா வருஷம் எங்கடா போற?"

"பள்ளிகொண்டாப்பட்டுக்கு, பெரியம்மா."

"எதுக்கு?"

"வல்லாள ராஜாவுக்கு அண்ணாமலையார் திதி குடுக்கறதப் பாக்க."

"புள்ள இல்லாத ராஜா. சாமிய அவரா பெத்தாரு? சாமி மகனா நின்னு ஆத்தங்கரையில திதி குடுத்தா கையெடுத்துக் கும்பிடற. என் புள்ள குடுத்தா மொற பேசறியா?"

மாமா சொன்னார். "பதில் இருந்தா சொல்லு மாப்ள. இல்லைன்னா சட்டிய அவன் கையில குடு. சுடுது பாரு."

அண்ணன் கொடுத்தார். நான் கொள்ளி வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் குளக்கரையில் நடந்தது. நான் மொட்டைக்கு உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணன் வந்து உட்கார்ந்தார். பிறகு வேங்கிக்காலிலிருந்து ஒருவன், சென்னையிலிருந்து ஒருவன். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை.

தோள் கொடுத்தவர்கள், சமைத்தவர்கள், மாடுகளைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் கும்பிடு. அன்று எல்லோருக்கும் மொட்டை அடித்தவருக்குக் கை வலித்திருக்கும். அவருக்கும் கும்பிடு.

அப்பாவுக்கு மகன்களாக மொட்டை போட்டவர்கள் பதினான்கு பேர்.