நான் சொல்லாமல் விட்ட நான்காவது வரி

கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில், மனித இதயத் தசைச் செல்களின் மின்னோட்டத்தை அளப்பது என் வேலை. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படும் சிறு தசைத் துண்டு, நோயாளியின் சம்மதத்தோடு, குளிர்ந்த கரைசலில் எங்களிடம் வரும். அதிலிருந்து செல்களைப் பிரித்து, ஒரே ஒரு செல்லின் மேல் கண்ணாடி ஊசியின் நுனியை ஒட்டவைப்பேன். பிறகு அட்ரினலின் போன்ற மருந்தைச் சேர்ப்பேன். செல்லின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் நுழையும் வாசல்கள் கூடுதலாகத் திறக்கும். திரையில் மின்னோட்டக் கோடு ஆழமாகக் கீழே இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

மலையாள எல்லையோரம் எங்கள் ஊரான பெருமாட்டியில் அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும். இதயக் குழாயில் அடைப்பு என்று சொல்லி அவருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டார். நாங்கள் வயல் வரப்பில் நின்றிருந்தோம். அன்று எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை. கண்முன் இருந்ததை வைத்தே சொன்னேன். மூன்று வரி. படபடப்பில் சுரக்கும் அட்ரினலின், வாய்க்காலில் வரும் தண்ணீர். ஏற்பி, மடை. மாத்திரை, மடையை அடைக்கும் பலகை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “பெரிய டாக்டரு ஒண்ணுஞ் சொல்லுல. நம்ம அம்மிணி மூணே வார்த்தைல சொல்லிப்போட்டா பாரு” என்றார். அந்த மூன்று வரியைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான்காவது வரி ஒன்று உண்டு. பலநாள் மடையை அடைத்து வைத்தால் செல் சும்மா இருக்காது. புதிய மடைகளை வெட்டிக்கொள்ளும். பலகையைத் திடீரென்று எடுத்தால் எல்லாவற்றிலும் தண்ணீர் பாயும். இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயமல்ல. எந்த நோயாளி இந்த மாத்திரை சாப்பிட்டவர் என்று குறிக்க என் குறிப்பேட்டில் தனிப் பத்தி இருக்கிறது. அவர்களுடைய செல்களில் கோடு மற்றவர்களுடையதைவிட ஆழமாக இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். செல் மடை வெட்டும் என்றால் உவமை குழம்பிவிடும், மூன்று வரி கச்சிதமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பருவம் முடிந்து வாய்க்காலை மூடினார்கள். தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரரோடு வாக்குவாதம் இல்லை, படபடப்பு இல்லை. அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில், தேங்காய் மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “மருந்து நிறுத்தியோ?”

“ஆமாங்க. தண்ணியே வராத நாள்ல மடைய எதுக்கு அடைக்கோணும்னு...”

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆரு சொன்னது, நிறுத்தணும்னு?”

“ஆருஞ் சொல்லுலீங்க. நானாத்தான்.”

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஃபைலைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று அனுப்பினார்கள். வீட்டில் அம்மா ஆரம்பித்தாள். கஞ்சி வைக்கும்போது, “இவருக்குத் தெரியாததா? நாளைக்கு டாக்டருக்கே பாடஞ் சொல்லுவாரு.” பார்க்க வந்தவர்களிடம், “ஏனுங்க, உங்களுக்கும் நோவு இருந்தா இவருகிட்டக் கேளுங்க.” அப்பா கஞ்சியைக் குடித்தார்.

அந்த நாட்களில் நான் செய்தவை: மாத்திரை அட்டவணை போட்டேன். ரத்த அழுத்தம் அளந்தேன். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழித்து, கேரட் தோலோடு குப்பையில் போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த முறை அம்மா, “படிக்காதவனுக்கு இருக்கற புத்திகூட இல்ல” என்றபோது அப்பா பாதிக் கஞ்சியோடு டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் சொன்னேன். “அம்மா, நாந்தான் அவருக்கு அப்படிப் புரிய வெச்சேன். நிறுத்தக் கூடாதுன்னு சொல்லவே இல்ல. எனக்குத் தெரியும், இருந்தும் சொல்லல.”

“அவ சரியாத்தான் சொன்னா” என்றார் அப்பா அவசரமாக. “நாந்தான் என் புத்திக்கு...”

“நீங்க சும்மா இருங்க.” அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். சத்தம் போடவில்லை. “சொல்ல மறந்தது போகட்டும், கண்ணு. நாலு நாளா இந்த மனுசன வஞ்சுட்டு இருக்கறேன். கேட்டுட்டுத்தான இருந்த?”

“அஞ்சு நாளும்மா” என்றேன்.