தங்கமுத்து முழுக வார்க்காத பிள்ளை

தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, "மூக்கைப் பிடியடா ராசா!" என்று பிறகுதான் சொல்லுவார் ஆயா தங்கமுத்து. உடுவிலில் இருந்த அந்தச் சிறுவர் இல்லத்துக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் வரவேற்பு கிணற்றடியில்தான். போர்க்காலத் தடையால் சவர்க்காரத்தைக் கண்ணால் காணக் கிடையாத தொண்ணூற்றியோராம் ஆண்டு. பனங்காய்க் களியில் சட்டையையும் சீயாக்காயில் தலையையும் வெளுத்துவிடுவார். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும், "என்ரை கையாலை முழுகின பிள்ளையைக் கோயிலிலை வைச்சுக் கும்பிடலாம்" என்பார். அதில் பொய்யில்லை. வலிகாமம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கை அந்த நாளில் வேறெவருக்கும் இருக்கவில்லை.

அந்தக் கைதான் ஒருமுறை பிழை விட்டது. கவனிப்பாரற்று வந்த ஒரு பெடியனை, டொக்டர் பார்க்க முன்னமே உரஞ்சிக் குளிப்பாட்டி, தலைமயிரை வெட்டி, எண்ணெய் பூசி, மாப்பிள்ளைபோல நிறுத்திவிட்டார். ஊத்தை போன இடம் தெரியவில்லை. "நல்லாய்த்தானே வளர்க்கிறம்" என்று தகப்பன் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

டொக்டர் கனகாம்பிகை நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, இனிமேல் வந்த கோலத்திலையே எனக்குக் காட்டுங்கோ. நான் கண்டு எழுதினால்தான் பிள்ளையை இஞ்சை வைச்சிருக்கலாம்."

பிறகு வந்தவள் தெல்லிப்பழைப் பக்கத்துச் சிறுமி. சடை விழுந்த தலை, காதுக்குப் பின்னால் சீழ். பின்னாலேயே சித்தப்பன் வந்து வாசல் படலையடியில் நின்று கத்தினான்: "ராசாத்தி மாதிரி வளர்த்தனாங்கள். பிள்ளையை விடுங்கோ!"

"உன்ரை ராசாத்தியின்ரை தலையிலை பேன் தேரிழுக்குது. டொக்டர் வரட்டும், நில்லு!" என்றார் தங்கமுத்து.

பெற்றோல் இல்லை, டொக்டர் சைக்கிளில்தான் வரவேண்டும். தங்கமுத்துவின் கைகள் பறபறத்தன.

"பெரியம்மா, கடிக்குது. முழுக வார்த்துவிடுங்கோவன்."

"பொறு குஞ்சு. இப்ப வார்த்தால் உவன் உன்னைக் கொண்டு போயிடுவான்."

பிள்ளை சொறியச் சொறிய, அவர் தன் கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு இருந்தார்.

டொக்டர் வந்து தலையை, காதை, எலும்பு தள்ளிய நெஞ்சைப் பார்த்தார். எழுதினார். "பிள்ளை இஞ்சைதான் நிக்கும்" என்று படலையடிக்குப் போய்ச் சொன்னார். சித்தப்பன் ஏசியபடியே போனான்.

"அக்கா, இனி உங்கடை ராச்சியம். தண்ணியை வார்த்துவிடுங்கோ!"

தங்கமுத்து எழும்பவில்லை. சிறுமி அவருடைய மடியில் தலைவைத்து நித்திரையாகிவிட்டிருந்தாள். வெள்ளைச் சேலையில் சீழ் ஊறிப் படர்ந்தது. அவர் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, முந்தானையை இழுத்து அந்தத் தலையை மூடினார்.