உப்பு ராணியின் கடைசி மூச்சு

சியோன் ஹேரிமைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குப் படபடவென்று வரும். நிதானமாகச் சொல்லத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரே சேர்ந்து கொல்லப்போகிற ஒருத்தியைப் பார்த்துப் பார்த்து உருவாக்குவதுதான் அவள் வேலை. ஆன்லைன் கேமில் மாதக்கணக்கில் மலை ஏறி, காடு தாண்டி, கடைசிக் கோட்டைக்குள் நுழைந்தால் அங்கே பாஸ் என்று ஒரு பெரிய எதிரி காத்திருக்கும் இல்லையா, அந்தச் சண்டையை அமைப்பவள் ஹேரிம். அந்த பாஸ் கையை ஓங்குவது, கழுத்தைத் திருப்புவது எல்லாவற்றையும் அசைய வைப்பவள் நான், தாக் யோரம். கொரியாவில், பாங்யோ என்ற ஊரில், எங்கள் கம்பெனியின் ஆறாம் மாடியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள் என்பதால் எனக்கு அக்கா. அதற்காக மரியாதை கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

குன்சான் மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் அவள் அம்மா ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"அங்க என்னதான்டி வேலை பாக்குற?"

"ஒரு கெட்டவளை உண்டாக்குறேம்மா. அப்புறம் எல்லாரும் வந்து அவளைக் கொல்லுவாங்க."

"சாகப்போறவளுக்கா இப்படி உசிரைக் குடுத்து வேலை பாக்குற?"

"லேசுல செத்தா யாருக்கும் சந்தோஷம் இருக்காதும்மா."

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. முந்தின வருஷம் அவள் அமைத்த பனி ஓநாய் லேசில்தான் செத்தது. பாவி மக்கள் வந்த வேகத்தில் அடித்துத் தள்ளிவிட்டார்கள். "ராமியோன் நூடுல்ஸுக்குத் தண்ணி வச்சேன், கொதிக்கிறதுக்குள்ள ஓநாய் போய்ச் சேந்துடுச்சு" என்று ஒருவன் எழுதினான். அதைப் படித்துச் சிரிக்காத ஆளே கொரியாவில் இல்லை. எங்கள் கேம் டைரக்டர் குக் சாங்மோ மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு சான்ஸ். உப்பு ராணியும் சொதப்பினா உங்க டீமைக் கலைச்சுடுவாங்க. மேலிடத்துல சொல்லிட்டாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கலைத்தால் நாங்கள் போக வேண்டிய இடம் போன் கேம் பிரிவு. பொம்மைக்குச் சட்டை மாற்றும் விளையாட்டு. ஹேரிமை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் செத்தே போவாள்.

ஆகவே உப்பு ராணிக்காக அவள் பேயாக உழைத்தாள். எட்டுப் பேர் சேர்ந்து மோத வேண்டிய சண்டை அது. அவளுக்கு ஒரே ஒரு கொள்கை. செத்து விழுந்தவன் 'ச்சே, நான்தான் விட்டுட்டேன்' என்று சொல்ல வேண்டும், 'ஏமாத்திட்டாங்க' என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் ராணி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஓர் அடையாளம் வைத்தாள். தோள் இறங்கினால் அலை வரும், பாவாடை சுழன்றால் தரை வெடிக்கும். உச்சகட்டம் கடைசி மூச்சு. உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ராணி குனிந்து மூச்சை உள்ளே இழுப்பாள். இசை நின்றுவிடும். மண்டபமே அடங்கிப்போகும். அவள் சுண்டுவிரல் மடங்குகிற அந்த நொடியில் கேடயப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் பிழைக்கலாம், கடைசி அடியை அடிக்கலாம். தவறினால் எல்லோரும் உப்புக் கட்டி. அந்தச் சுண்டுவிரலை மடக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்காதீர்கள், அழுதுவிடுவேன்.

இதற்கு நடுவில் குக் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடைசி அடியை ஆட்டக்காரர்கள் அடிக்க வேண்டாமாம். கதையில் வரும் இளவரசன் குதிரையில் வந்து ராணியின் தலையை வெட்டுகிற மாதிரி அழகான படக்காட்சி ஒன்று வைக்கலாமாம்.

ஹேரிம் எழுந்து நின்றுவிட்டாள். "எட்டுப் பேரு நாக்கு தள்ள அடிச்சுச் சாச்சு வைப்பாங்க, இவன் நோகாம வந்து வெட்டிட்டுப் போவானா? சமைச்சது ஒருத்தி, பேரு வாங்குறது ஒருத்தனா சார்?"

"கதைக்கு நல்லா இருக்கும்மா..."

"கதை ஆடுறவங்களோடது சார். நீங்களும் நானும் மேடை போடுற ஆளுங்க."

இளவரசன் போனான். குதிரையும் போனது. நான் அந்தக் குதிரையைப் பாதி ஓட வைத்திருந்தேன், அது வேறு கதை.

வெளியீட்டு நாள் காலையில் வழக்கம்போல கோசா பூஜை வைத்தோம். பன்றித் தலைக்குப் பதிலாக இப்போதெல்லாம் பன்றி மூஞ்சி போட்ட அரிசிக் கேக்தான் வைக்கிறோம், கம்பெனி தரைவிரிப்பு நாறாமல் இருக்கும். எல்லோரும் விழுந்து கும்பிட்டு மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளை ஊற்றினோம். ஹேரிம் கும்பிட்டவள் எழுந்திருக்கவே இல்லை. "அக்கா, தூங்கிட்டியா?" என்று கேட்டேன். "வாயை மூடு, வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

கோட்டைக் கதவு திறந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! முதலில் யார் ராணியைக் கொல்வது என்று நாடு முழுக்கப் போட்டி. நேரலையில் பார்ப்பவர்கள் ஒருபுறம், பந்தயம் கட்டுபவர்கள் ஒருபுறம். முதல் நாள் போனது, யாராலும் முடியவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டாம் நாளும் போனது. பெரிய பெரிய அணிகள் எல்லாம் கடைசி மூச்சு வரை வந்து அங்கேயே உப்புக் கட்டியாயின. மூன்றாம் நாள் வசவு ஆரம்பித்தது. 'இது சண்டை இல்லை, மோசடி' என்றார்கள். மூட்டை கட்டிக்கொண்டு வேறு கேமுக்குப் போகிறோம் என்று பெரிய அணி ஒன்று அறிவித்தது.

குக் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "நீர்மூழ்கி விட்டுடலாம். ராணியோட உயிரைக் கொஞ்சம் குறைச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்கும் சொல்லாமல் திருட்டுத்தனமாக ஆட்டத்தை மாற்றுவதற்கு எங்கள் தொழிலில் நீர்மூழ்கி என்று பெயர். எப்படியும் ஒருநாள் மேலே வரும். வந்தால் அதற்குப் பிறகு ராணியைக் கொன்றவனை யாரும் வீரன் என்று சொல்ல மாட்டார்கள், இளப்பமாகத்தான் பார்ப்பார்கள்.

"வேணாம் சார்" என்றாள் ஹேரிம். "எங்க சோதனை ஆளுங்க பத்துக்கு ஆறு தடவை ஜெயிச்சாங்க. கஷ்டம்தான், ஆனா முடியும். நான் போய்க் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் அப்படித்தான். கம்பெனி எடுத்துத் தரும் புள்ளிவிவரத்தை நம்ப மாட்டாள். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கேம் ஆடுகிற பிசி பாங் கடைக்குப் போய் முன்பின் தெரியாத ஆட்களின் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் கையையும் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பாள். திரையைப் பார்ப்பதே குறைவு. நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதுகு எந்த இடத்தில் நிமிர்கிறதோ அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது என்பாள். அன்று என்னையும் இழுத்துக்கொண்டு மோரான் சந்தைப் பக்கம் ஒரு பிசி பாங்குக்குப் போனாள். மத்தியான நேரம். வரிசையாக எட்டு நாற்காலியில் ஒரு கும்பல், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு வறுத்த சோறு. 'முள்ளங்கிச் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு ராணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. காலையில் வீடு வீடாகத் தயிர் பானம் போடுகிற வண்டிக்காரர், இன்னும் அந்தச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கேமில் அவர் பெயர் காய்ந்த நெத்திலி, காயம் ஆற்றும் வைத்தியர். நாங்கள் பின்வரிசையில் ஆளுக்கொரு ராமியோன் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

நெத்திலி அம்மா மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். "டேய் கேடயம்! முன்னாடி போய் நில்லுடா! பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஏன்டா கூச்சப்படுற?"

"அக்கா, அவ என்னையவே அடிக்கிறாக்கா!"

"உன்னைய அடிக்கத்தான்டா உன்னைய வச்சிருக்கோம்!"

சண்டை சூடு பிடித்தது. எட்டு முதுகும் நிமிர்ந்தன. ஹேரிம் என் தொடையைக் கிள்ளினாள், வலித்தும் நான் சத்தம்கூடப் போடவில்லை. ராணி குனிந்தாள், இசை நின்றது. சுண்டுவிரல் மடங்கியது. டக்கென்று எட்டுப் பொத்தானும் ஒன்றாக விழுந்த சத்தம் கேட்டது.

எட்டுப் பேரும் உப்புக் கட்டி.

"அமுக்குனேன்டா!" நெத்திலி அம்மா மேசையில் குத்தினார். "சத்தியமா அமுக்குனேன்! பொய்யாடா சொல்றேன்?"

ஹேரிம் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த ஆட்டம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பவும் அதே நொடி, அதே டக், அதே உப்பு. அந்த அம்மா இந்த முறை கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வயசாயிடுச்சு போல. வேற வைத்தியரைப் பாத்துக்கங்கடா" என்றார்.

ராமியோனை அப்படியே வைத்துவிட்டு ஹேரிம் எழுந்தாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "லூசு, லூசு, வடிகட்டின லூசு! சோதனை நடந்த கம்ப்யூட்டரு எங்க இருக்கு? நம்ம கட்டடத்துல. கேமை ஓட்டுற பெரிய கம்ப்யூட்டரு? அதே கட்டடத்துக் கீழ்த்தளத்துல. அதுல மொத்தம் ஆடினது எட்டே பேரு. இங்க லட்சம் பேரு முட்டி மோதுறாங்க. இவங்க அமுக்குறது அந்த நெரிசல்ல வந்து சேர்றதுக்குள்ள நொடி தாண்டிப் போயிடுது. அவங்க சரியாத்தான்டி அமுக்குறாங்க!"

சொந்தச் சமையலறையிலேயே ருசி பார்த்து ஏமாந்திருக்கிறோம். எங்களை மாதிரி ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

குக்கிடம் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. "அட, அவ்வளவுதானா? அந்த நொடியைக் கொஞ்சம் அகலமாக்கி, சத்தம் போடாம ஏத்திடு."

"சத்தம் போட்டுத்தான் ஏத்துவேன் சார்."

"பைத்தியமா உனக்கு? தப்பு நம்மளதுன்னு நாமளே சொன்னா கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. மேலிடம் நாளைக்கே டீமைக் கலைச்சுடும்."

"கலைக்கட்டும். ஒரு அம்மா தனக்கு வயசாயிடுச்சுன்னு அழுதுட்டு உக்காந்திருக்கு சார். தன் மேல தப்பு இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சாகணும்."

குக் தலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், "உன் பேரைப் போட்டுக்கோ. என் பேரு வேணாம்" என்றார்.

எங்கள் தொழிலில் யாரும் பெயர் போடுவதில்லை. 'நிர்வாகக் குழு' என்று போட்டுவிட்டு ஒளிந்துகொள்வோம். ஹேரிம் போட்டாள். அறிவிப்பு சின்னதுதான்: 'கடைசி மூச்சில் நீங்கள் சரியாகத்தான் அமுக்கினீர்கள். எங்கள் கணக்குதான் தவறு. அதை மட்டும் இன்று திருத்தியிருக்கிறோம். ராணியின் உயிரில் ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள். இந்தச் சண்டையை அமைத்தவள், சியோன் ஹேரிம்.'

அப்பப்பா, என்ன பேச்சு! அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். ஊடே ஒருவன், "அப்ப நான் மட்டமான ஆளு இல்லையா?" என்று மட்டும் கேட்டிருந்தான். அதன் கீழே 'நானும்', 'நானும்' என்று வரிசை நீண்டுகொண்டே போனது.

மறுநாள் மத்தியானம் அதே பிசி பாங், அதே பின்வரிசை. நெத்திலி அம்மா வந்திருந்தார், அப்பாடா! ஆனால் சண்டை கோரமாகப் போனது. கேடயக்காரன் அலையில் போனான். வில்லாளி தரை வெடித்துப் போனான். ஒவ்வொருவராக விழுந்து, கடைசி மூச்சுக்கு ராணி குனிந்தபோது மிச்சம் நின்றது வைத்தியர் ஒருத்தர்தான். செத்துக் கிடந்த ஏழு பேரும் அந்த அம்மாவின் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். பக்கத்து வரிசைப் பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கடைக்காரர் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றார்.

விரல் மடங்கியது. டக்.

உப்புப் புயல் அடித்து ஓய்ந்தது. புகைக்குள் வைத்தியர் நின்றுகொண்டிருந்தார்!

"அடிக்கா! அடி! அடி!"

"எதை வச்சுடா அடிக்க? எங்கிட்ட கத்தியா இருக்கு?"

"கையில இருக்குற தடியால அடிக்கா!"

மருந்து தெளிக்கிற குச்சியால் நெத்திலி அம்மா ராணியின் மண்டையில் ஒரு போடு போட்டார். ராணி சாய்ந்தாள். நாட்டிலேயே முதல் ஆளாக அவளைச் சாய்த்தது மோரான் சந்தைத் தயிர்க்கார அம்மா! கடை கூரை பறந்துவிடும் போலக் கூச்சல். முள்ளங்கிச் சங்கம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டது. அந்த அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று, விட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"சியோன் ஹேரிம்! எங்கடி இருக்க? என் முன்னாடி வாடி பாப்போம்!"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருக்க, வகுப்பில் கை தூக்குவது போல ஹேரிம் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"இங்கதான் இருக்கேன்."

அந்த அம்மா நாற்காலியிலிருந்து குதித்து வந்து அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாவி! பாவி மவளே! எங்க உசிரை எடுத்துட்டியேடி! சாப்புட்டியா நீ? வா, இங்க உக்காரு. நீ பெத்த பொண்ணுதானே அவ, எங்க கண்ணு முன்னாடி நீ அடி பாப்போம்!"

ஹேரிமின் போன் அடித்தது, குக். அவள் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். அந்தப் பக்கம் குக் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "டீமைக் கலைக்கலையாம்! அடுத்த பாஸ் எப்பன்னு மேலிடத்துல கேக்குறாங்க! ஹேரிம் எங்க?"

ஹேரிம் எங்கே? நெத்திலி அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தான் உண்டாக்கிய கோட்டைக்குள் முள்ளங்கிச் சங்கத்தோடு நுழைந்துகொண்டிருந்தாள். ராணியின் தோள் இறங்கியது. முதல் அலையிலேயே அம்மணி அவுட். ராணி செத்தபோது போட்டதைவிடப் பெரிய கூச்சலைக் கடையே போட்டது.

"அக்கா உங்களுக்கு இப்ப கிடைக்க மாட்டா சார்" என்று சொல்லி நான் போனை வைத்தேன். ஹேரிம் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இந்த நாற்காலிலேருந்து யாரும் என்னை எழுப்பாதீங்க. இன்னொரு தடவை!"