எதையும் விற்காத மனிதர்

அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், ஒரே சீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் மனைவி, ஜன்னலோரம் முன்பின் தெரியாத ஒரு ஆள். நரைத்த மீசை. மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். டாக்டர் எனக்குச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருந்தார். அதை விழுங்கவும் பயம், விடவும் பயம் என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"எலும்பு வெறும் கல்லு இல்லீங்க," என்று அவர் நடுவில் நுழைந்தார். "அதுக்குள்ள இருக்கிற செல்லும் சர்க்கரையைத் தின்னுதான் வேலை செய்யுது. அது ரத்தத்துல விடுற ஒரு பொருள், உடம்பு சர்க்கரையைச் செலவு பண்ண உதவுதாம். எலியில பாத்திருக்காங்க. மனுஷனுக்கு எவ்வளவு உதவும்னு இன்னும் முடிவாகல. எதுக்கும் நடங்க, எலும்புக்கு வேலை குடுங்க."

சர்க்கரைக்கு மருந்து விற்கிறவர் போல, இப்போது பையிலிருந்து பொடி டப்பா வெளியே வரும் என்று நினைத்தேன். ஆழம் பார்க்கக் கேட்டேன். "அப்ப மாத்திரையை விட்டுடலாங்களா?"

"ஐயையோ, அதைச் செஞ்சிடாதீங்க!"

மனைவி சிரித்தாள். "நல்லா கேட்டுக்குங்க."

காவிரிப் பாலம் தாண்டியதும் அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் வரை நடந்தேன். அவர் பொடி டப்பாவோடு பின்னாலேயே வருகிறாரோ என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.