காவிரியில் மூழ்காதவன்

ரங்கூனில் அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது நான் எழுதிய முதல் கதை, என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவனைப் பற்றியது. மூட்டை சுமப்பவன். கப்பலுக்குப் போட்ட பலகையில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

மதராஸ் பத்திரிகை ஒன்றின் ரங்கூன் ஏஜெண்டு கதையைத் திருப்பித் தந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீர். ஆனா ரங்கூன் ஆறுன்னா அங்க யாருக்குங்காணும் தெரியும்? காவிரின்னு போடும், அடுத்த மாசமே அச்சு."

ஆசை வெட்கமறியாது. அன்று மாலையே உட்கார்ந்து அவனைக் கும்பகோணத்துப் படித்துறையில் மூழ்கடிக்கத் தொடங்கினேன். விளக்கு வைக்கும் நேரம். முதுகுக்குப் பின்னால், "அண்ணே" என்றது ஒரு குரல். அவன் குரல்.

அந்தியில் ஒற்றைக் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது, மூன்று முறை கூப்பிட்டால்தான் மனிதர் என்பது எங்கள் வழக்கம். காத்திருந்தேன். இரண்டாவது குரல் வரவில்லை. மறுநாளும் பேனாவை எடுத்ததும் அதே ஒற்றைக் குரல். ஆனாலும் எழுதுவதை விடவில்லை, அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

அந்த வாரம் அரிசி ஏற்ற ஒரு நார்வே கப்பல் வந்தது. அதன் மாலுமி ஒருவர் நிழலில் உட்கார்ந்து தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். என் அரைகுறை இங்கிலீஷில் விசாரித்தேன். அமெரிக்காவுக்குக் குடிபோன அவருடைய சித்தப்பா நார்வே மொழியில் எழுதி, அமெரிக்காவிலேயே அச்சிட்டதாம். பனிப்புயலில் வழிதவறிச் செத்த பக்கத்துப் பண்ணைக்காரியின் கதை.

"அப்படியானால் இது எந்த நாட்டுப் புத்தகம்?"

"எங்கள் ஊரில் இதை அமெரிக்கப் புத்தகம் என்கிறார்கள். அமெரிக்காவிலோ, படிக்க முடியாதது எப்படி எங்களுடையதாகும் என்கிறார்கள்." சிரித்தார். "ஊர்ப் பதிப்பாளர் அவளை எங்கள் மலைக்கு மாற்றி எழுதச் சொன்னார். சித்தப்பா மறுத்துவிட்டார். அவள் அமெரிக்காவில் செத்தவள், அந்த மலையில் கொண்டுபோய் விட்டால் வழி தெரியாமல் நிற்பாள் என்றார்."

ஆற்றில் போன என் அறைக்காரன் நினைவுக்கு வந்தான். ராமநாதபுரத்துக்காரன் அவன், காவிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மாலையில் காவிரியைக் கோடு போட்டு அடித்தேன், கும்பகோணத்தையும் அடித்தேன். பழையபடி ரங்கூன் ஆறு என்று எழுதினேன். ஏஜெண்டு போடாவிட்டால் போகட்டும். இது இந்த ஆற்றின் கதை. தமிழில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

விளக்கு வைத்தேன். "அண்ணே."

இம்முறை குரல் முதுகுக்குப் பின்னால் இல்லை. தூரத்தில், துறைமுகப் பக்கம், தண்ணீர்மேல் கேட்டது. நான் இரண்டாவது குரலுக்குக் காத்திருக்கவில்லை.

"இருக்கேன்டா தம்பி" என்றேன்.